சட்டம் படித்த மகள் ராஞ்சிக்குப் போகிறேன் என்கிறாள், தடுக்கட்டுமா?

கேள்வி: நான் திருச்சி பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மகள் சட்டம் முடித்துவிட்டு மூன்று வருடமாகத் திருச்சி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தாள். இப்போது ராஞ்சியில், சிறையில் கிடக்கும் ஆதிவாசிகளுக்கு வழக்கு நடத்தும் ஒரு குழுவில் சேரப்போகிறேன் என்கிறாள். அவள் மேசையில் ஸ்டேன் சுவாமி படம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர் என்று நானும் பெருமையாகத்தான் நினைத்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. யாரையும் கைநீட்டி அடிக்காத, கை நடுங்குகிற ஒரு கிழவரை எப்படிச் சாகும்வரை உள்ளே வைத்திருக்க முடிந்தது? சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா? என் மகளுக்கு அப்படி ஏதாவது வந்தால் நான் யாரிடம் போய் நிற்பேன்? அவளுக்கு வீசிங் வேறு, இன்ஹேலர் இல்லாமல் முடியாது. போகாதே என்று சொல்லிவிடட்டுமா?

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் உங்கள் காதில் ஏறாது. போகாதே என்று சொல்லாதீர்கள். ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் இதைச் சொல்லவில்லை. அப்படி ஓர் உத்தரவாதத்தை எந்த வக்கீலும் தர முடியாது, தந்தால் நம்பாதீர்கள். மூன்று வருடம் கோர்ட் வராந்தாவில் நின்ற பெண்ணுக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். உங்கள் பயம் நியாயமானது, அதை வைத்து அவளை நிறுத்த வேண்டாம், அவளைத் தயார் செய்து அனுப்பலாம். நான் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன், அதில் போராட்டத்துக்குப் போய்ப் பிடிபட்டவர்களின் வழக்குகளும் நிறைய. இந்த மாதிரி வழக்குகளில் நிரபராதி என்பதை நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும், அதுவரை ஆளைக் காப்பாற்றுவது முதல் நாள் காகிதத்தில் என்ன எழுதப்பட்டது என்பதுதான். அதைத்தான் ஸ்டேன் சுவாமி வழக்கும் எனக்குச் சொல்கிறது.

அவர் கதையிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் போவது அவர் விட்ட அதே வேலைக்கு.

1937-இல் விரகாலூரில் பிறந்தவர், சேசு சபைக் குருவானவர், வாழ்நாளில் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் பாகைச்சா என்ற மையத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தார். அவர் கேட்டதெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே அச்சடித்திருந்த விஷயங்கள்தான். பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை, அங்கே கிராம சபைக்கு அதிகாரம் தர 1996-இல் வந்த பெசா சட்டம், 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம், இவை சொல்கிறபடி கிராம சபையைக் கேட்காமல் ஏன் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அதே கேள்வியைக் கேட்ட ஆதிவாசி இளைஞர்கள் நக்சல் என்ற முத்திரையோடு சிறைக்குப் போவதைப் பார்த்தார். உடனே அந்தப் பக்கம் திரும்பினார். விசாரணைக் கைதிகளைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு அறிக்கை வெளியிட்டார், அப்புறம் அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போட்டார். சிறையில் கிடப்பவனுடைய வழக்கு ஏன் வருடக்கணக்காக நகரவில்லை என்று கேட்டவர், கடைசியில் தானே விசாரணைக் கைதியாகச் செத்தார். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நிற்கிறது.

2017 டிசம்பர் 31 அன்று புனேயில் எல்கர் பரிஷத் என்று ஒரு கூட்டம் நடந்தது. மறுநாள், பக்கத்தில் பீமா கோரேகாவில், அங்கே 1818-இல் நடந்த போரின் இருநூறாவது ஆண்டு நினைவுக்காகத் தலித் மக்கள் திரண்டபோது கலவரம். அது தொடர்பாகப் போட்ட வழக்கு வளர்ந்து வளர்ந்து மாவோயிஸ்ட் சதி வழக்காகி, 2020 ஜனவரியில் என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போய், மொத்தம் 16 பேர் கைதானார்கள். தன் வாழ்நாளில் பீமா கோரேகாவ் பக்கமே போனதில்லை என்று ஸ்டேன் சுவாமி சொன்னார். 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஐந்து நாட்களாகச் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் பாகைச்சாவிலேயே வைத்து அவரை விசாரித்தார்கள். ஒத்துழைத்தார். அப்புறம் அக்டோபர் 8, கொரோனா உச்சத்தில், 83 வயதில், பார்க்கின்சன் நோயோடு இருந்தவரைக் கைது செய்து மறுநாள் மும்பைக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஒரு விவரத்தை நிறுத்திப் பாருங்கள், பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாதது, ஆனால் ஒரு வக்கீல் கண்ணில் முதலில் படுவது அதுதான். மும்பை நீதிமன்றத்தில் என்.ஐ.ஏ. அவரைப் போலீஸ் காவலில் எடுத்து விசாரிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அதே அக்டோபர் 9-ஆம் தேதி பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆனது. கைதான மறுநாளே குற்றப்பத்திரிகை தயார் என்றால் அவரிடம் விசாரிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்றுதான் அர்த்தம். விசாரணை முடிந்துவிட்டது, ஓடிப்போகிற உடம்பும் இல்லை, சாட்சியை மிரட்டுகிற ஆளும் இல்லை, பிறகு எதற்கு உள்ளே வைக்க வேண்டும்? சாதாரண வழக்காக இருந்தால் இந்தக் கேள்விக்கு நீதிபதி பதில் சொல்லியாக வேண்டும். உபா சட்டத்தில் அந்தக் கேள்வியே எழாது. உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

உபா என்பது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 1967-இலிருந்து இருக்கிறது, ஆனால் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் அதில் 43டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் ஐந்தாவது உட்பிரிவு சொல்வதை எளிமையாகச் சொல்கிறேன்: பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால், நீதிபதி போலீஸின் வழக்கு டைரியையும் குற்றப்பத்திரிகையையும் படித்துப் பார்த்து, மேலோட்டமாக இது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றினால் ஜாமீன் தரக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தரப்பு எழுதிக்கொண்டுவந்த காகிதத்தை மட்டும் படித்துவிட்டு, உன் பக்கத்தை அப்புறம் கேட்கிறோம், அதுவரை கட்டிப்போடு என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? அதுதான் இங்கே சட்டம். போதாக்குறைக்கு 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வட்டாலி வழக்கில், ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களைத் தோண்டித் துருவிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. விசாரணை இப்போதைக்கு முடியாது, ஆள் ஏற்கெனவே நெடுநாள் உள்ளே இருக்கிறார் என்றால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம் என்றார்கள். ஆனால் அம்மா, அதைக் கேட்கவே முதலில் சில வருடம் உள்ளே இருந்தாக வேண்டும். இதே வழக்கில் வெர்னன் கொன்சால்வஸ், அருண் ஃபெரைரா இருவருக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் ஜாமீன் தந்தது, கைதாகிக் கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து. 84 வயதுக்காரரிடம் ஐந்து வருடம் ஏது?

அவருடைய ஜாமீன் மனுவை 2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஜூலை 5 அன்று இறந்தார். அவர் இறந்த அன்று அந்த வழக்கில் குற்றச்சாட்டுகூட வனையப்படவில்லை, அதாவது விசாரணை தொடங்கவே இல்லை. அவர் எந்தக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்படவில்லை. அதனால்தான் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு, இருக்கிறது என்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்ப்பே தேவையில்லாமல் ஒருவரைத் தண்டிக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெயர் ஜாமீன் மறுப்பு.

சரி, அந்தப் பத்தாயிரம் பக்கத்தில் இவருக்கு எதிராக என்ன இருந்தது? பெரும்பாலும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். அமெரிக்காவில் ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனம் அவருடைய ஹார்ட் டிஸ்க்கின் நகலை ஆராய்ந்து, 2014-லிருந்தே யாரோ அவர் கணினிக்குள் நுழைந்து நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்றும், 2019 ஜூனில் புனே போலீஸ் அதைக் கைப்பற்றுவதற்கு முந்தைய நாள்வரை அந்தக் கை உள்ளே இருந்தது என்றும் சொன்னது. அந்த அறிக்கை வெளியே வந்தது 2022 டிசம்பரில். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இந்த மாதிரி அறிக்கைகளை என்.ஐ.ஏ. ஏற்றுக்கொள்ளவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து பார்க்க வேண்டிய விஷயம் இது, அதற்குத்தான் விசாரணை என்று ஒன்று வேண்டும், அது நடக்காமலே ஆள் போய்விட்டார்.

இப்போது உறிஞ்சுகுழல். இதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பார்க்கின்சனால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் வாய்க்குப் போகாமல் சட்டையில் கொட்டும். அதனால் அவர் வீட்டில் சிப்பரும் (உறிஞ்சிக் குடிக்கிற மூடி போட்ட டம்ளர்) ஸ்ட்ராவும்தான் வைத்திருந்தார். 2020 நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் அதைக் கேட்டு மனுப் போட்டார்கள். பதில் சொல்ல இருபது நாள் வாய்தா. இருபது நாள் கழித்து, எங்களிடம் அது இல்லை, நாங்கள் எடுக்கவில்லை என்று என்.ஐ.ஏ. சொன்னது. மறுபடி சிறைத் துறையின் பதிலுக்கு ஒரு தேதி. நாடு முழுக்க ஜனங்கள், மும்பைக்குப் பக்கத்தில் அவர் இருந்த தலோஜா சிறை முகவரிக்குப் பார்சலில் சிப்பர் அனுப்ப ஆரம்பித்தார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற ஒரு பொருள்.

அந்த நாட்களில் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. காலையும் மதியமும் சாப்பிட அருண் உதவுகிறார், குளிக்க வெர்னன் உதவுகிறார், இரவுச் சாப்பாட்டுக்கும் துணி துவைக்கவும் முட்டிக்கு மருந்து தேய்க்கவும் அறையில் கூட இருக்கும் இரண்டு பேர் உதவுகிறார்கள், அவர்கள் ரொம்ப ஏழைக் குடும்பத்துப் பையன்கள், அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. 2021 மே 21 அன்று வீடியோ கான்ஃபரன்சில் நீதிபதிகளிடம், எட்டு மாதத்துக்கு முன் இங்கே வந்தபோது நானே குளித்தேன், நடந்தேன், எழுதினேன், இப்போது யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அரசு மருத்துவமனைக்குப் போக விருப்பமா என்று கேட்டபோது, வேண்டாம், இங்கேயே செத்துப்போகிறேன், முடிந்தால் ராஞ்சியில் என் ஆட்களோடு இருக்க விடுங்கள் என்றார். மாத இறுதியில் நீதிமன்ற உத்தரவின்படி பாந்த்ராவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள், அங்கே சோதித்தபோது கொரோனா இருந்தது. ஜூலை 5 பிற்பகல் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவமனை டாக்டர்தான் நீதிபதிகளிடம் அவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்.

சிப்பர் கதையை இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் உங்கள் மகளின் இன்ஹேலர். சிறை என்பது காகிதத்தில் இருப்பதை மட்டும் உள்ளே விடுகிற இடம். ரிமாண்ட் உத்தரவில், அதாவது சிறைக்கு அனுப்பும் உத்தரவில், மாஜிஸ்திரேட் இன்ன மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் அன்றே உள்ளே போகும். அந்த வரி இல்லாவிட்டால் மனு, பதில், வாய்தா. சில வருடத்துக்கு முன் கல்குவாரியை எதிர்த்து மறியல் செய்ததற்காக ஒரு பையனைப் பிடித்தார்கள். அவனுக்கு வலிப்பு. அவன் அம்மா மாத்திரையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சிறை வாசலில் மனு பார்க்க வந்து நிற்கிறார், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். சீட்டு வாங்கி, மனுப் போட்டு, உத்தரவு வாங்கி உள்ளே அனுப்ப நாலு நாள் ஆனது. ரிமாண்ட் அன்று நான் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. அன்று பெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மருந்தைக் கேட்க விட்டுப்போனது. அந்த நாலு நாளில் அவனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. அதற்கப்புறம் எந்த ரிமாண்டுக்குப் போனாலும் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்பதுதான்.

மகளுக்கு அப்படி ஏதாவது வந்தால் என்று கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பதினாறு பேரில் சுதா பரத்வாஜ், சுரேந்திர காட்லிங், அருண் ஃபெரைரா மூவரும் வக்கீல்கள். கட்சிக்காரனுக்காக வாதாடுகிறவர் மீதே வழக்கு வந்தது என்பது உண்மை. இது வடக்கே மட்டும் நடப்பதும் இல்லை. 2017-இல் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போனதற்காகத் திருமுருகன் காந்தி மீதும், சேலத்தில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி மீதும் இங்கே குண்டாஸ் போட்டார்கள். சில மாதத்தில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனால் அந்தச் சில மாதம் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். இன்னொரு பக்கம், ராஞ்சியிலும் ராய்ப்பூரிலும் பஸ்தரிலும் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் இதே வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிடுகிற வக்கீல்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் செய்தியில் வராது. 2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். வக்கீல் வைக்க வழியில்லாமலும் ஜாமீன்தாரர் கிடைக்காமலும் கிடக்கிற பிள்ளைகள் அதில் ஏராளம். அவர்களில் ஒருத்தன் அம்மாவும் உங்களைப் போலத்தான், யாரிடம் போய் நிற்பது என்று நிற்கிறாள். உங்கள் மகள் அங்கே போவது அந்த அம்மாவுக்காக.

இனி தயாரிப்பு. மகளோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

ஒரு கோப்பு போடுங்கள். ஆதார், பார் கவுன்சில் அடையாள அட்டை, வீசிங்குக்குப் பார்க்கிற டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று (என்ன நோய், என்ன இன்ஹேலர், ஒரு நாளைக்கு எத்தனை முறை, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெளிவாக, தேதியோடு), ராஞ்சியில் ஒரு வக்கீலும் இங்கே ஒரு வக்கீலும் என்று இரண்டு பேருடைய எண்கள், மகள் கையெழுத்துப் போட்ட வக்காலத்து நாலைந்து. வக்காலத்து முக்கியம், ஏனென்றால் பிடித்துக்கொண்டுபோன பிறகு கையெழுத்து வாங்க ஸ்டேஷன் வாசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். கோப்பின் ஒரு நகல் உங்களிடம், ஒன்று வக்கீலிடம். எண்களைச் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள், போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். இரண்டு எண்ணையாவது நீங்களும் அவளும் மனப்பாடம் செய்யுங்கள்.

விசாரணைக்கு வா என்று அழைத்தால், சாட்சியாக ஒரு பெண்ணை அவள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் அது 179-ஆம் பிரிவு, எழுத்தில் நோட்டீஸ் கேட்கச் சொல்லுங்கள். சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்கவே முடியாத நிலை என்றால் மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும். கைதானால் வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், டாக்டர் பரிசோதனை உண்டு. அந்த டாக்டரிடம் வீசிங்கைச் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும், முதல் காகிதம் அதுதான். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பிடித்த ஊர் கோர்ட்டிலேயே அதற்கான அனுமதியை, ட்ரான்சிட் ரிமாண்டை, கேட்பார்கள், அந்த நேரத்தில் வக்கீல் அங்கே இருக்க வேண்டும்.

அப்புறம், கைதுக்கான காரணங்களை எழுத்தில் கேட்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. 2024 மே 15 அன்று நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், உபாவில் கைது செய்தால் காரணத்தை எழுதித் தந்தாக வேண்டும், தராவிட்டால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவரை வெளியே விட்டது. வழக்கின் உள்விவகாரத்துக்குப் போகாமல், ஒரு காகிதம் தரப்படவில்லை என்பதில் ஒருவர் வெளியே வந்தார். கையில் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்று அன்றே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கு வந்தால் தடுக்க வேண்டாம், ஆனால் வீடியோ எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், இப்போது அது கட்டாயம். லேப்டாப்பையோ போனையோ எடுத்தால் அந்த இடத்திலேயே ஹாஷ் எண்ணை மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் காகிதத்தில்) எழுதி நகல் தரச் சொல்ல வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கருவியில் இருக்கும் தகவலுக்கான கைரேகை மாதிரி, பிறகு யாராவது ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் எண் மாறிவிடும். பீமா கோரேகாவ் வழக்கில் இதை அங்கேயே தரவில்லை என்பது கைதானவர்கள் பலருடைய குறை. மகளின் கணினியில் கட்சிக்காரர்களின் கோப்புகள் இருக்கும், தெரியாத மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைத் திறப்பதில் அவள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தேதி. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உபாவில் குற்றப்பத்திரிகைக்கு 90 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 180 நாள். அந்த நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை, ஆனால் தானாக வராது, கேட்க வேண்டும். சுதா பரத்வாஜ் வெளியே வந்தது இப்படித்தான். கால நீட்டிப்புத் தந்த புனே நீதிமன்றத்துக்கு அதற்கு அதிகாரமே இல்லை என்று 2021 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது, அவர் உரிய நேரத்தில் மனுப் போட்டிருந்தார், கிடைத்தது. அதே வழக்கில் இன்னும் எட்டுப் பேர் கேட்டார்கள், உரிய நேரத்தில் கேட்கவில்லை என்று மறுத்துவிட்டது. காலண்டரில் வட்டம் போடுகிற வேலையைப் பெரிய வக்கீல்களை நம்பி விட்டுவிடாதீர்கள், அதை ஒரு அம்மாதான் ஒழுங்காகச் செய்வார்.

யாரிடம் போய் நிற்பேன் என்று கேட்டீர்கள். முதலில் அந்த இரண்டு வக்கீல்கள். அவர்கள் கிடைக்காவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். அப்புறம் அவளுடைய பார் அசோசியேஷன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதற்கு நீங்களே மனுதாரராக இருக்கலாம். தெருவில் பேசுகிறவர்களைக் கண்டு கூனிக்குறுக வேண்டாம். உங்கள் மகள் ஒன்றும் திருடிவிட்டுப் போகவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் ஸ்டேன் சுவாமிக்கு ஒரு நினைவுக் கல் நட விரும்பினார். கூடாது என்று தாசில்தார் நோட்டீஸ் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. ஜார்க்கண்டில் ஆதிவாசிகள் தங்கள் உரிமைகளைக் கல்லில் செதுக்கி ஊர் எல்லையில் நடுவார்கள், பத்தல்கடி என்பார்கள். அதை ஆதரித்து ஃபேஸ்புக்கில் எழுதினார் என்று 2018-இல் ஸ்டேன் சுவாமி மீது தேசத்துரோக வழக்கே பதிந்திருந்தார்கள். கடைசியில் அவருக்கும் ஒரு கல், அதற்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மகள் ராஞ்சிக்குக் கிளம்பும் முன் இரண்டு பேரும் தருமபுரி போய் அந்த இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றுகிறது.

டாக்டர் சான்றை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுத் தேதி போட்டு மாற்ற வேண்டும், பழைய சான்றைச் சிறை டாக்டர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்ஹேலர் வாங்கும்போது மருந்துக் கடை ரசீதில் அவள் பெயரும் மருந்தின் பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.